பெரூஜாவின் ஜூடித்தா ப்ரொட்ஸேத்தி நெசவு அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது, அந்த வெள்ளை-நீல விரிப்பை எப்படி நெய்வது?

ஊடைநூல் எழுதியது:

வணக்கம். இத்தாலியில் உம்ப்ரியா பகுதிக்கு ஒரு சிறு பயணம் அமைந்திருக்கிறது. பெரூஜா நகரில் ஜூடித்தா ப்ரொட்ஸேத்தி பெயரில் இருக்கும் கைத்தறிப் பட்டறையும் அருங்காட்சியகமும்தான் முதல் குறி. போய் வந்தவர்களும் நெசவு தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

1. அங்கே தறிகளில் எதைக் கவனிக்க வேண்டும்? கடையையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

2. 'தோவாலியே பெருஜினே' என்கிறார்களே, வெள்ளை லினனில் நீலப் பட்டை ஓடும் விரிப்பு, அதன் கட்டமைப்பைக் கற்றுக்கொள்ள இங்கே நான்கு மேசை ஓட்டுவிரிப்புகள் நெய்ய எண்ணம். கையில் இருப்பது 40 லீ (நூல் பருமனின் எண்) லினன், 120 கொக்கி ஜக்கார்டு பெட்டி (துளையட்டை வைத்துக் கோல இழைகளைத் தூக்கும் கருவி), நான்கு விழுதுத் தறி (விழுது என்பது இழைகளைக் கோத்துத் தூக்கும் கண்ணிச் சட்டம்). பாவு (நீளவாட்டு இழைகள்), பன்னை (இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு), துளையட்டை எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும்.

3. நீலம் வெள்ளையில் ஒட்டாமல் இருக்க நூலை எப்படித் தோய்ப்பது?

உம்ப்ரியாவாசி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவற்றை நாலுவிழுது ஐயா போன்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

யாருடைய இடத்துக்குப் போகிறீர்கள் என்று தெரிந்து போனால் கண்ணில் படுவதே வேறு. முதல் உலகப் போர்க் காலத்தில் பெரூஜாவைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர் ஜூடித்தா. குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போகும்போது குடியானவர் வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், இடைக்காலத்துக் கோலங்களைப் பெண்கள் வீட்டுத் தேவைக்கு நெய்துகொண்டிருந்தார்கள். பழைய துணிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதோடு அவர் நிற்கவில்லை. 1921-ல் பட்டறை தொடங்கி, அந்தக் கைத்திறனைக் கூலி கிடைக்கும் தொழிலாக்கினார். வீட்டுக்குள் இருந்த வேலைக்குச் சந்தை விலை வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. இன்று அவர் கொள்ளுப்பேத்தி காலத்திலும் பட்டறை ஓடுகிறது. நான்கு தலைமுறையும் பெண்கள் கையில்தான்.

இருக்கும் இடம் சான் ஃப்ரான்செஸ்கோ டெல்லே டொன்னே என்ற பழைய தேவாலயம். பிரான்சிஸ்கன் துறவிகள் பெரூஜாவில் 1212-ல் முதலில் தங்கிய இடம் அது. பிறகு பெனடிக்டைன் கன்னியர் வந்ததால் பெயரோடு 'பெண்களுடைய' என்ற சொல் சேர்ந்தது. பட்டறை அங்கே இடம் மாறியது 1990-களில்தான். ஜூடித்தா தொடங்கிய கட்டடமே இது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

தேவாலயக் கூடம் உயரமாக இருப்பது ஜக்கார்டு தறிக்கு மிகப் பொருத்தம். கொக்கியிலிருந்து துளைப்பலகைக்கு (கயிறுகளை வரிசைப்படுத்தும் பலகை) இறங்கும் கயிறுகள் நீளமாக இருந்தால் ஓரத்துக் கயிறும் நடுக்கயிறும் ஏறக்குறைய ஒரே உயரம் தூக்கும். தாழ்ந்த கூரைக்குள் பெட்டியை வைத்தால் ஓரத்துக் கயிறுகள் சாய்ந்து இறங்கும், தூக்கும்போது பாவுவாய் (ஊடை போவதற்காகப் பாவு பிரிந்து திறக்கும் இடைவெளி) சரிவாகத் திறக்கும். அங்கே நிமிர்ந்து பார்த்து இந்தக் கோணத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அட்டைச் சங்கிலி. பத்தொன்பதாம் நூற்றாண்டு மரத்தறிகள், அட்டைகளைக் கயிற்றால் கோத்திருக்கிறார்கள். ஒரு கோல ஊடைக்கு (குறுக்கே போகும் நூல்) ஓர் அட்டை. நெய்பவர் மிதிக்கும்போது நான்முக உருளை ஒரு கால்சுற்று திரும்பி அட்டையை ஊசிகள்மீது அழுத்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி கத்தியில் (கொக்கிகளைத் தூக்கும் பட்டை) மாட்டி மேலே ஏறும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி கத்தியை விட்டு விலகிக் கீழேயே நிற்கும். வழிகாட்டி விளக்கும்போது உருளையின் பக்கமாக நின்றுகொண்டால் இது தெளிவாகத் தெரியும். முன்னால் நின்றால் துணி மட்டும்தான் தெரியும்.

போகும் முன் நேரம் கேட்டு முன்பதிவு செய்துவிடுங்கள். அது நெசவு நடக்கும் பட்டறை, எந்நேரமும் திறந்திருக்கும் காட்சிக்கூடம் கிடையாது. ஃபோன்திவெஜ்ஜே ரயில் நிலையத்திலிருந்து மினிமெட்ரோவில் பின்செத்தோ வரை போய், அங்கிருந்து நடக்கலாம். ஊர் குன்றின்மேல் இருப்பதால் மையத்திலிருந்து இறக்கம், திரும்புகையில் நல்ல ஏற்றம்.

நாலுவிழுது எழுதியது:

இரண்டாவது கேள்வி. முதலில் கட்டமைப்பு.

தரை, அதாவது அடிப்படைத் துணி, வெள்ளை லினன். அதில் சிறு வைரமும் நடுவில் புள்ளியுமாக ஒரு நெசவு இருக்கும், அங்கே 'கௌதாரிக் கண்' என்பார்கள். நீலப் பட்டை வரும் இடத்தில் தரை ஊடை நிற்பதில்லை, அது தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கிடையில் தடித்த நீலப் பருத்தி ஊடை ஒன்று கரையிலிருந்து கரை வரை கூடுதலாகப் போகிறது. நீல ஊடையை வெட்டி எடுத்துவிட்டாலும் கீழே முழுத் துணி இருக்கும். இது புரிந்தால் மற்றதெல்லாம் கணக்குதான்.

நூல்: லினன் எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை 300 கெஜம் என்பது, பருத்தி எண் எத்தனை 840 கெஜம் என்பது. ஆகவே 40 லீ என்றால் பவுண்டுக்கு 12,000 கெஜம், பருத்திக் கணக்கில் 14-ம் எண்ணை ஒட்டியது. பெயரில் 40 இருக்கிறதே என்று 40-ம் எண் பருத்திக்குப் போடும் பன்னையைப் போட்டால் பாவு நெரிந்து வாய் திறக்காது. இங்கே பலருக்கும் முதல் தடுமாற்றம் இதுதான்.

பன்னை: அங்குலத்துக்கு 48 இழை. 48 எண் பன்னை, அதாவது 2 அங்குலத்துக்கு 48 பல், பல்லுக்கு 2 இழை.

கோலம்: கொக்கிக்கு அடுத்தடுத்த 2 இழை. 120 கொக்கி என்றால் 240 இழை, 5 அங்குலம். இதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கட்டினால் 10 அங்குலக் கோலம். அதையே இரண்டு முறை கட்டினால் 20 அங்குலம், 960 இழை. திருப்பம் வரும் இடங்களில் ஒரே கொக்கியின் இரண்டு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்படியே விட்டால் கோலத்தின் நடுவில் தடித்த கோடு விழும். 120-க்கு 120 சேரும் இரண்டு இடத்திலும் 1-க்கு 1 சேரும் ஓர் இடத்திலும் ஒவ்வொரு ஜோடியை எடுத்துவிடுங்கள். 960-ல் 6 போக 954.

தரைக்கு நான்கு விழுது, 1-2-3-4-3-2 என்று ஆறிழைக் கோர்ப்பு. 954-ஐ ஆறால் வகுத்தால் 159 முறை, மீதி இல்லை. முதல் விழுதிலும் நான்காவதிலும் 159 கண், இரண்டிலும் மூன்றிலும் 318 கண். மிதிப்பதும் அதே வரிசையில்.

துணியின் இரு ஓரக் கரைக்குப் பக்கத்துக்கு 8 இழை, மொத்தம் 970. இங்கேதான் உங்கள் 120 கொக்கிப் பெட்டி போதாது. நீல ஊடை போகும்போது கரை இழைகளும் மாறி மாறி ஏற வேண்டும். இல்லாவிட்டால் நீலம் ஓரத்தில் பிடிப்பில்லாமல் உள்ளே இழுபட்டுவிடும். அதற்கு 2 கொக்கி கூடுதலாக வேண்டும். 240 பெட்டி கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கோலத்தை 118 கொக்கிக்குச் சுருக்குங்கள். சுருக்கினால் மேலே சொன்ன எண்களை மறுபடி போட வேண்டும்.

ஊடை: பட்டையில் இரண்டு தரை ஊடைக்கு ஒரு நீல ஊடை. தரை அங்குலத்துக்கு 40, நீலம் 20. நீலத்துக்கு 20-ம் எண் பருத்தி மூன்று புரி, முறுக்கு தளர்வாக இருக்கட்டும். முறுக்கு ஏறிய நூல் கயிறுபோல உருண்டு நிற்கும், தரையை மூடாது, கோலத்துக்குள் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

வரைதாள்: ஒரு கொக்கி அங்குலத்தில் 24-ல் ஒரு பங்கு அகலம், ஓர் அட்டை 20-ல் ஒரு பங்கு உயரம். சதுரக் கட்டத்தாளில் சதுரமாக வரைந்தால் நெய்யும்போது உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 5 அங்குல உயரப் பட்டைக்கு 100 அட்டை, 5 அங்குல அகல அரைக்கோலத்துக்கு 120 கொக்கி. இந்த விகிதத்துக்குக் கட்டம் அச்சடித்துக்கொண்டு வரையுங்கள்.

துணியைக் குப்புற நெய்யுங்கள். நல்ல முகம் கீழே. நிமிர்த்தி நெய்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இழை எல்லாவற்றையும் தூக்க வேண்டும். ஜக்கார்டுக் கயிற்றில் கண்ணுக்கு 2 இழை, ஆக 477 கண்; கண்ணைக் கீழே இழுக்க ஒவ்வொன்றுக்கும் 30 கிராம் எடைக்கம்பி என்று வைத்தால் முழுச்சுமை 14 கிலோ, ஒவ்வொரு அட்டைக்கும் அதில் பெரும்பகுதி காலில் விழும். குப்புற நெய்தால் நீலம் தெரிய வேண்டிய இடம் மட்டும் ஏறும். துணிக்கு அடியில் ஒரு கண்ணாடி வைத்துக் கோலத்தைச் சரிபாருங்கள்.

நீலம் நீளமாக மிதக்கக் கூடாது. கோலப் பரப்புக்குள் மூன்று கொக்கி ஏற்றி நான்காவதை விட்டுவிடுங்கள், அடுத்த அட்டையில் அந்தப் புள்ளியை ஒரு கொக்கி நகர்த்துங்கள். மிதப்பு 6 இழையோடு நின்றுவிடும், 3 மில்லிமீட்டர். மோதிரத்தில் மாட்டாது.

நூல் தேவை: நான்கு விரிப்பு, ஒவ்வொன்றும் தறியில் 1.2 மீட்டர். 4.8 மீட்டரோடு சுருக்கமும் தறிக்கழிவும் சேர்த்து 6 மீட்டர் பாவு. 970 இழைக்கு 5,820 மீட்டர். 40 லீ கிலோவுக்குச் சுமார் 24,200 மீட்டர் வருவதால் 240 கிராம். தரை ஊடைக்கு 170 கிராம். விரிப்புக்கு 5 அங்குலப் பட்டை இரண்டு என்றால் நீலம் 40 கிராம்தான். வாங்கும்போது பாவுக்கு 300, ஊடைக்கு 200, நீலத்துக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலத்தை மட்டும் ஒரே தோய்ப்பில் முடித்துவிட வேண்டும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

அவுரிச்சட்டி எழுதியது:

நீலத்தைப் பற்றி. உம்ப்ரியாவில் பழைய காலத்தில் இந்த நீலத்துக்கு 'குவாதோ' என்ற செடியின் இலையைப் பயன்படுத்தினார்கள். நம் அவுரியிலும் அதிலும் நிறம் தருவது ஒரே பொருள்தான், அவுரியில் அளவு அதிகம். ஆகவே திண்டிவனம் பக்கம் தயாராகும் அவுரிக் கட்டியை வைத்துத் தோய்த்தால் பொருள் அளவில் எந்த மாறுபாடும் இல்லை.

100 கிராம் பருத்தி நூலுக்கு: முதலில் 2 கிராம் சோடா சாம்பல் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். மில் நூலில் மெழுகு இருக்கும், அது போகாவிட்டால் நீலம் மேலே மட்டும் படியும்.

10 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் அவுரித்தூள், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, 150 கிராம் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் குழையுங்கள். 50 முதல் 60 டிகிரி சூட்டில் உள்ள நீரில் சர்க்கரையைக் கரைத்து, அதில் அவுரிக் குழம்பை ஊற்றி, கடைசியாகச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். காற்றை உள்ளே அடித்துவிடாமல் மெதுவாகக் கலக்கி மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் மேலே செம்பு மினுக்கும் ஏடும், கீழே தெளிந்த தேன்நிற நீரும் வர வேண்டும். நீர் இன்னும் நீலமாகவோ கலங்கலாகவோ இருந்தால் நூலை இறக்காதீர்கள். அது கரையாத அவுரி. நூலுக்குள் போகாது, மேலே தூசாக ஒட்டும். நீங்கள் பயப்படும் ஒட்டல் எல்லாம் பெரும்பாலும் இந்த அவசரத்தில் பிறப்பதுதான்.

நனைத்துப் பிழிந்த நூலை 5 நிமிடம் முக்கி, 15 நிமிடம் காற்றில் விரித்து, மறுபடி முக்க வேண்டும். 6 முதல் 8 முறை. ஒரே முறை நீண்ட நேரம் ஊறவிட்டால் அதே அடர்த்தி வராது. அடியில் தங்கிய சுண்ணாம்பில் நூல் படாமல் ஒரு வலையைத் தொங்கவிடுங்கள்.

முடிந்ததும் ஒரு நாள் காற்றில் விட்டு, அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். சுண்ணாம்புச் சொரசொரப்பு போகும். பிறகு காரமில்லாத சோப்பில் கொதிக்கவைத்து, அலசும் நீர் தெளியும் வரை விடாதீர்கள். இந்தக் கொதிப்பைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். சோதனை எளிது. ஈர வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேயுங்கள். துணி நீலமானால் மறுபடி சோப்புக் கொதிப்பு. அது தாண்டாமல் அந்த நூலைத் தாரில் (ஊடைநூல் சுற்றும் குழல்) சுற்றாதீர்கள்.

ஊடைநூல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 240 பெட்டி கிடைத்துவிட்டது. சிறிய சோதனைப் பாவு ஏற்றியதில் இரண்டு சிக்கல்.

தரை நெசவுக்கு விழுது ஏறும்போது, ஒரே ஜக்கார்டு கண்ணில் உள்ள இரண்டு இழையில் ஒன்று மேலும் ஒன்று கீழும் போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் இழை அறுகிறது. பருத்தியில் இப்படி அறுந்ததில்லை. இரண்டாவது, பட்டை வரும் இடத்தில் துணி இடுப்புபோல ஒடுங்குகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன் இதே கோலத்தை எப்படி நெய்தார்கள்?

நாலுவிழுது எழுதியது:

அறுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம், வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது விழுதுக் கண். ஜக்கார்டு தூக்கும்போது முன் விழுதுகள் அசையாமல் நிற்கும். அந்த நேரம் இழை விழுதுக் கண்ணுக்குள்ளேயே தடையின்றி ஏற வேண்டும். சாதாரணச் சின்னக் கண் விழுது போட்டிருந்தால் இழை அதில் முட்டி நிற்கும். பாவுவாய் எத்தனை உயரமோ அத்தனை நீளமுள்ள கண், 5 முதல் 6 செ.மீ., வேண்டும்.

இரண்டாவது, ஜக்கார்டுக் கயிற்று வரிசைக்கும் விழுதுகளுக்கும் உள்ள இடைவெளி. பருத்திப் பாவில் நெருக்கி வைத்தாலும் நூல் நீண்டு கொடுக்கும். லினன் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் நீளாது, அதன் பிறகு அறுந்துவிடும். இரண்டு இழை கண்ணில் சேர்ந்திருந்து விழுதில் பிரிகிறது அல்லவா? இடைவெளி குறைந்தால் பிரியும் கோணம் செங்குத்தாகி, இழுவை முழுவதும் அந்தச் சிறு துண்டில் விழும். 30 செ.மீ.-க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். பாவு மரத்தையும் பின்னுக்குக் கொண்டுபோங்கள். பெரூஜாவில் தறி ஏன் அத்தனை ஆழமாக இருக்கிறது என்று பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஈரம். லினன் காய்ந்தால் ஒடியும், நனைந்தால் பலம் கூடும். அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே போக விடாதீர்கள். பாவுக்கு அடியில் நனைத்த சாக்கு விரித்துவிட்டுக் காலையில் நெய்யுங்கள். கஞ்சிக்கு ஆளிவிதை நல்லது. 50 கிராம் விதையை ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறினால் வடியாது. தறியில் ஏற்றிய பாவின்மேல் தூரிகையால் ஒரு முழ நீளத்துக்குத் தடவி, இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துவிட்டு, அது காய்ந்த பிறகு நெய்யுங்கள். அரிசிக் கஞ்சியைப் பருத்திக்குப் போடும் கெட்டியில் போட்டால் பன்னையில் பொடியாக உதிரும்.

பாவு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் தாளோ குச்சியோ இடுங்கள். பருத்தியில் தளர்ந்த இழை நெய்ய நெய்யச் சமமாகிவிடும். லினனில் தளர்ந்த இழை கடைசி வரை தளர்ந்தே இருக்கும்.

இடுப்பு ஒடுங்குவது நீல ஊடையை நேராக இழுப்பதால். தடித்த ஊடை மேலும் கீழும் வளைந்து போக நீளம் கூடுதலாக வேண்டும். நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) கடந்ததும் ஊடையைச் சாய்வாக, தளர்வாக விட்டு அதன் பிறகு அடியுங்கள். துணி அகலத்தை இழுத்துப் பிடிக்கும் ஊசிமுனைக் கம்பைப் பட்டைக்குள் ஒவ்வோர் அங்குலத்துக்கும் முன்னே நகர்த்திக் குத்துங்கள்.

பழையசீலை எழுதியது:

ஜக்கார்டுக்கு முந்தைய முறை பற்றி. ஜக்கார்டு கருவி லியோனில் 1804-ல் வந்தது. பெரூஜா விரிப்புகள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. அசிசியில் ஜோத்தோ காலத்துச் சுவரோவியத்தில், செலானோ பிரபு இறக்கும் காட்சியில், மேசைமேல் இந்த வகை விரிப்பு கிடக்கிறது. மிலானில் லியோனார்டோ வரைந்த கடைசி இராவுணவிலும், ஃப்ளோரன்சில் கிர்லாந்தாயோ வரைந்ததிலும் விரிப்பின் ஓரத்து நீலப் பட்டையைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து உம்ப்ரியத் தறியில் முன்னே தரைக்கான விழுதுகள் இருக்கும், மிதியால் இயங்கும். அவற்றுக்குப் பின்னே 'லிச்செத்தி' என்ற மெல்லிய குச்சிகள் வரிசையாகத் தொங்கும். ஒரு குச்சி என்பது ஒரு கோல வரி. அந்த வரியில் ஏற வேண்டிய இழைகளை மட்டும் நூல் கண்ணியால் அதில் கட்டியிருப்பார்கள். நெய்பவர் குச்சியைக் கையால் தூக்கி மாட்டிவிட்டு, நீல ஊடையைப் போட்டு, இறக்கிவிட்டு, அடுத்த குச்சிக்குப் போவார். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டுக்கு முன் இருந்த அடை முறையும் கோலத்தைக் கயிற்றிலேயே சேமித்து வைப்பதுதான், கட்டும் விதம் வேறு.

50 குச்சி கட்டினால் 1 முதல் 50 வரை போய், 50-லிருந்து 1-க்குத் திரும்பலாம். 100 வரிக் கோலம் கிடைக்கும், ஆனால் மேல்பாதியும் கீழ்பாதியும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். நட்சத்திரம், வைரம், கொடி எல்லாம் இதற்கு ஒத்துவரும். பெரூஜாவின் சின்னமான கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு), சிங்கம் போன்றவற்றுக்குத் தலையும் காலும் வேறு என்பதால் குச்சியைத் திருப்ப முடியாது, முழு எண்ணிக்கையும் கட்ட வேண்டும். அவை இடவலமாக மட்டும் திரும்பி, ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். பழைய விரிப்புகளில் சில எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாக ஓடுவதும் இதே கட்டுமுறையின் விளைவு. அருங்காட்சியகத்தில் தொங்கும் விரிப்பைப் பார்க்கும்போது திருப்புக்கோடு எங்கே விழுகிறது என்று முதலில் தேடுங்கள். அது தெரிந்தால் எத்தனை குச்சி, எத்தனை கயிறு என்பதை அங்கேயே நின்று எண்ணிவிடலாம்.

குச்சி கூடக் கூடப் பின்னால் உள்ளவை துணி விளிம்பிலிருந்து விலகிப்போகும், அவை திறக்கும் வாய் சிறுத்துக்கொண்டே போகும். அந்த நேரம் பின் குச்சி தூக்கியதும் ஒரு தட்டைப் பலகையை விழுதுக்கு அருகே செருகி நிமிர்த்தினால் வாய் அகலும். ஜக்கார்டு இல்லாதவர்கள் 20 குச்சியில் ஒரு சிறு கரைக்கோலம் முயலலாம். தறியை மாற்றவே வேண்டாம், விழுதுக்கண் மட்டும் நீளமாக இருக்க வேண்டும்.

நாலுவிழுது ஐயா சொன்ன மிதப்புக் கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். அவர் சொன்ன நான்காவது கொக்கிப் புள்ளி நல்ல முகத்தின் மிதப்பைக் கட்டும். பின்புறத்தில், வெள்ளைப் பரப்புக்குப் பின்னே ஓடும் நீலத்தை அது கட்டாது. அங்கே புள்ளி வைத்தால் முகத்தில் நீலப் பொட்டு விழும். ஆகவே கோலத்தையே நெருக்க வேண்டும். இரண்டு கிரிஃபினுக்கு நடுவில் ஒரு மரம், காலுக்கிடையில் பூ, தலைக்குமேல் பறவை என்று பழைய விரிப்புகள் நிரம்பி வழிவதற்கு இது ஒரு காரணம். வெள்ளை இடைவெளி எங்கேயும் ஒரு செ.மீ.-க்கு மேல் போகாதபடி வரையுங்கள். இன்றைய ரசனைக்கு ஏற்பக் கோலத்தைச் 'சுத்தமாக்கி' நடுவில் ஒரே ஒரு மிருகத்தை நிறுத்துபவர்கள் பின்புறம் தொங்கும் நூலோடு திண்டாடுகிறார்கள்.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பெரூஜாவுக்கு வடக்கே சிட்டா டி காஸ்டெல்லோ போங்கள். ஆலிஸ் ஹால்கார்ட்டன் ஃப்ராங்கெத்தி என்ற அமெரிக்கப் பெண்மணி, கணவர் லெயோபோல்தோவோடு சேர்ந்து 1908-ல் தொடங்கிய 'தேலா உம்ப்ரா' லினன் கைத்தறிப் பட்டறை அங்கே இருக்கிறது, கூடவே அதன் அருங்காட்சியகமும். நெய்ய வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையிலேயே ஏற்பாடு செய்தவர் அவர். மரியா மாண்டிசோரியின் கல்வி முறை பற்றிய முதல் நூல் 1909-ல் அச்சானதும் அந்த ஊரில்தான், இந்தத் தம்பதியர் ஆதரவில். ஜூடித்தாவும் பள்ளிக்கூடங்கள் வழியாகத்தான் தறிக்கு வந்தார். அந்தக் காலத்து உம்ப்ரியாவில் கல்வியும் நெசவுக் கூலியும் எப்படி ஒரே பெண்களின் கையில் வந்து சேர்ந்தன என்பதை இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

ஊடைநூல் எழுதியது:

கண் நீளமும் இடைவெளியும் இரண்டுமே தப்பாக இருந்தன. மாற்றியதும் அறுவது நின்றுவிட்டது. பழையசீலை அம்மா, கிரிஃபினுக்குப் பின்னால் கொடி ஒன்றைச் சேர்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். தறியிலிருந்து இறக்கிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

நாலுவிழுது எழுதியது:

இறக்கியதும் துணி அட்டைபோல விறைப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் துவைப்பில் 8 முதல் 10 சதவீதம் சுருங்கும். 20 அங்குலம் 18-ல் வந்து நிற்கும், 1.2 மீட்டர் 1.1-க்கு அருகே வரும். அதனால் ஓரம் மடித்துத் தைப்பது துவைப்புக்குப் பிறகுதான். முன்னால் தைத்தால் மடிப்பு சுருங்கி விளிம்பு அலையும். நான்கையும் வெட்டாமல் ஒரே நீளமாகவே துவைத்துவிடலாம், வெட்டு முனைகளை மட்டும் கையால் ஓட்டிவிடுங்கள்.

அகலமான தொட்டியில் நிறைய நீர் வைத்து, துணி மிதக்கும்படி 40 டிகிரி சூட்டில் கொஞ்சம் சோப்போடு அலசுங்கள். சிறிய வாளியில் திணித்தால் நீலத்திலிருந்து பிரியும் தூசு வெள்ளையில் போய் உட்காரும். முறுக்கிப் பிழியாதீர்கள், லினனில் அந்த மடிப்புக்கோடு நிலைத்துவிடும். ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

பாதி ஈரத்தில் பின்புறமாக இஸ்திரி போடுங்கள், அடியில் தடித்த கம்பளி விரித்து. முகத்துப் பக்கம் அழுத்தினால் நீல மிதப்புகள் தட்டையாகிவிடும். கம்பளிமேல் போட்டால் நீலம் எழும்பி நிற்கும், கௌதாரிக் கண் வெள்ளையில் அப்போதுதான் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை தரைக்கோலம் தெரியவில்லையே என்று மிதிவரிசையைச் சந்தேகப்படாதீர்கள்.

விற்கும் எண்ணம் வந்தால் 'பெருஜினா' என்ற பெயரைப் போடாமல், உம்ப்ரிய முறையைப் பார்த்து இங்கே நெய்தது என்று எழுதுங்கள். அந்தப் பெயர் அங்கே தறியில் உட்கார்ந்திருப்பவர்களுடையது. பெரூஜாவில் தறியருகே நின்றால் ஒன்றை மட்டும் கேட்டு வந்து எழுதுங்கள்: நீல ஊடைக்கு எத்தனை புரி, எந்த முறுக்கு போடுகிறார்கள் என்று. நம் மூன்று புரி இன்னும் கொஞ்சம் தளர வேண்டும் என்று எனக்குப் படுகிறது.